உத்திரமேரூர் ஒரு நாள் டிரிப்: குடத்துக்குள்ள யார் பேரு போகும்?

போன ஞாயித்துக்கிழமை பொங்கல் லீவு முடியறதுக்குள்ள எங்கயாவது போகலாம்னு மகள் புக் பண்ணினது இந்த டிரிப். தாம்பரத்துல காலையில ஆறரைக்கு வேன், செங்கல்பட்டு வழியா உத்திரமேரூர், சாயங்காலம் ஏழுக்குள்ள திரும்ப கொண்டுவந்து விட்டுடுவாங்க. ஆளுக்கு 1200 ரூபாய், பசங்களுக்கு பாதி, டிபன் சாப்பாடு எல்லாம் அதுலயே அடக்கம். நான், மகள், மருமகன், ஒன்பது வயசு பேரன், நாலு பேர் போனோம். மொத்தம் 27 பேர், ஒரு வேனு ஒரு காரு. டிரிப் நடத்தறவங்க சின்ன குரூப்பு, ரெண்டு மூணு பேர்தான், விளம்பரம் மாதிரி ஆயிடக்கூடாதுன்னு பேரு போடல.

முதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன், இல்லன்னா நான் ஏன் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்னு புரியாது. திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமத்துல 2011ல இருந்து 2016 வரைக்கும் நான் வார்டு மெம்பர். பெண்கள் வார்டுன்னு வந்துச்சு, நின்னேன், ஜெயிச்சேன். அதனால உத்திரமேரூர் கல்வெட்டுன்னு மகள் சொன்னதும் எனக்கு கோயில் பார்க்கற ஆசையை விட, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒரு ஊரை எப்படி நடத்தினாங்கன்னு தெரிஞ்சிக்கற ஆசைதான் அதிகம். பள்ளிக்கூட புத்தகத்துல ஒரு பாரா படிச்சதோட சரி, அதுல குடவோலை முறைன்னா அந்தக் காலத்து தேர்தல்னு போட்டிருக்கும், நானும் அப்படியேதான் நம்பிட்டு இருந்தேன்.

வேன்ல ஏறினதுமே கைடு தம்பி சொன்ன முதல் விஷயம், குடவோலை ஓட்டுப் போடறது இல்ல, குலுக்கல். எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. யாருக்கும் ஆதரவு கேட்டு யாரும் போக முடியாது, பிரச்சாரம் கிடையாது, காசு குடுக்க வழி கிடையாது, தகுதி இருக்கறவங்க பேரை எல்லாம் ஓலையில எழுதி குடத்துல போட்டு எடுக்கறது, அவ்வளவுதான். ஆனா அந்தக் குடத்துக்குள்ள பேரு போறதுக்குத்தான் அத்தனை சட்டம். பழைய கிரேக்கத்துல ஏதென்ஸ் ஊர்லயும் 500 பேர் சபைக்கு இப்படித்தான் குலுக்கி எடுத்தாங்களாம். சங்கப் பாட்டுலயே, அகநானூறு 77வது பாட்டுல, கயிறு கட்டின குடத்தோட முத்திரையை உடைச்சு ஓலையை உருவறவங்களைப் பத்தி ஒரு உவமை வருதுன்னும் சொன்னாரு. அதனால பராந்தக சோழன் புதுசா கண்டுபிடிச்சது இல்ல, முன்னாடியே இருந்த பழக்கத்துக்கு ஒழுங்கா விதி எழுதி கல்லுல வெட்டினதுதான் உத்திரமேரூர். நல்ல ஆரம்பம், பெருமை பேசாம விஷயத்தை சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

டிபன் வேன்லயே பொட்டலம், இட்லி, வடகறி. சூடு இல்ல, ஆனா ருசி இருந்துச்சு.

கோயில் பேரு வைகுண்டப் பெருமாள் கோயில், ஊருக்கு நடுவுல, பஸ் ஸ்டாண்டு பக்கம், தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. பெரிய கோபுரம் எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீங்க. ஒரு மண்டபம், அதுதான் அந்தக் காலத்துல சபை கூடின இடம், சுவர் முழுக்க எழுத்து. நாங்க உள்ள போறப்ப எட்டரை மணி வெயில் பக்கவாட்டுல விழுந்துச்சு, அப்பதான் எழுத்தோட பள்ளம் நல்லா தெரியும்னு அந்த நேரத்துக்கே திட்டம் போட்டு கூட்டிட்டுப் போயிருக்காரு. மத்தியானம் போனா கல்லு மொட்டையா தெரியுமாம். இதெல்லாம் தெரிஞ்ச ஆளு கூட போனாத்தான் கிடைக்கும்.

கல்லைத் தொட விடல, தொடவும் கூடாது. ஒரு ஈர்க்குச்சியை கல்லுல படாம நீட்டி, எழுத்து எழுத்தா காமிச்சாரு. முதல்ல ஒண்ணும் புரியல. மெய்யெழுத்துக்கு மேல புள்ளி இல்ல, வடமொழி வார்த்தை வர்ற இடத்துல கிரந்த எழுத்து, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி இல்ல, எல்லாம் ஒரே ஓட்டம். பத்து நிமிசம் அப்படியே பார்த்துட்டே இருந்தோம், பேரன் திடீர்னு "அம்மாச்சி, இது ரி, இது வா"ன்னான். ஏரி வாரியம், அதாவது ஏரியைப் பார்த்துக்கற குழு. அவன் விரல் நீட்டின இடத்துல நானும் படிச்சேன், ஏ-ரி-வா-ரி-ய. 1100 வருசத்துக்கு முன்னாடி எவரோ ஒரு கல்தச்சர் வெட்டினது, அதை மூணாங்கிளாஸ் படிக்கற பிள்ளை எழுத்துக் கூட்டறான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, மறைக்கல.

விவரம் இதுதான். ரெண்டு கல்வெட்டு. ரெண்டும் முதலாம் பராந்தக சோழன் காலம், "மதிரை கொண்ட கோப்பரகேசரி"ன்னு ஆரம்பிக்குது, மதுரையைப் பிடிச்சவர்னு பட்டம். முதல் கல்வெட்டு ஆட்சி வருசம் 12, அதாவது 919. ரெண்டாவது வருசம் 14, 921. ரெண்டு வருசத்துலயே சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. முதல்ல வயசு 30ல இருந்து 60 வரைக்கும், அடுத்ததுல 35ல இருந்து 70. ராஜாவோட ஆணையோட ஒரு அதிகாரி வந்து கூட உட்கார, சபை கூடி தீர்மானம் போட்டிருக்கு. ஏன் திருத்தினாங்கன்னா, கெட்டவங்க கெட்டு நல்லவங்க நல்லா இருக்கணும்னுதான் கல்லு காரணம் சொல்லுது. அதுக்கு மேல கதை கட்டாம கைடு அதோட நிறுத்திட்டாரு, அதுக்கும் ஒரு நன்றி.

ஊரை 30 குடும்பா பிரிச்சிருக்காங்க, குடும்புன்னா இப்ப நாம சொல்ற வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை தனித்தனி ஓலையில எழுதி, கட்டு கட்டி, எந்தக் குடும்புன்னு மேல ஒரு வாயோலை வச்சு குடத்துல போடணும். சின்னவங்க பெரியவங்கன்னு சபையார் மொத்தமும் கூடணும். கோயில் நம்பிமார், அதாவது பூசை பண்றவங்க, ஒருத்தர் விடாம வந்து உட்காரணும். அவங்கள்ல வயசுல மூத்தவரு எழுந்து நின்னு, குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிக்கணும். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத ஒரு பாலனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லி, அதை அவிழ்த்து வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அதுல இருந்து ஒரு ஓலையை அந்தப் பிள்ளையே எடுத்து மத்யஸ்தன் கிட்ட குடுக்கணும். மத்யஸ்தன்னா கணக்கர். இங்கதான் எனக்கு மயிர்க்கூச்செரிஞ்சுது, அந்தக் கணக்கர் ஓலையை வாங்கறப்ப "அஞ்சு விரலும் அகல வைத்து" உள்ளங்கையில வாங்கணும்னு கல்லுல வெட்டியிருக்கு. விரலிடுக்குல இன்னொரு ஓலை ஒளிச்சு வச்சு மாத்திடக்கூடாது இல்ல, அதுக்கு! வாங்கினதை அவரு சத்தமா வாசிக்கணும், அப்புறம் அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாங்கி வாசிக்கணும், அப்பதான் அந்தப் பேரு ஏத்துக்கிட்ட பேரு. இந்த விதியை எழுதினவங்களுக்கு ஏமாத்தற கை எப்படி இருக்கும்னு நல்லா தெரிஞ்சிருக்கு.

30 பேர் வந்தாச்சுன்னா அதுல அனுபவம், படிப்பு, வயசு உள்ள 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது வருசாந்திர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு இன்னும் ரெண்டுக்கு மறுபடி ஒரு குடவோலை. பதவி 360 நாள். முடிஞ்சா இறங்கிடணும், நடுவுல தப்பு பண்ணினா அன்னைக்கே இறக்கிடணும், ஒரு தடவை செஞ்சவரு பேரு அடுத்த மூணு வருசத்துக்கு குடத்துக்குள்ள போகக்கூடாது.

நான் பதவி முடிச்ச 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் கோர்ட்டு வரைக்கும் போய் நின்னு போச்சு, எங்க மாவட்டத்துல 2019 டிசம்பர்லதான் மறுபடி ஓட்டு. மூணு வருசத்துக்கு மேல தனி அலுவலர் நிர்வாகம், ஊர்ல யார்கிட்ட போய் தண்ணி வரலன்னு சொல்றதுன்னு தெரியாம என் வீட்டுக்குத்தான் வந்து நின்னாங்க, நானோ மெம்பரே இல்ல. 360 நாள்னு நாள் கணக்கு கல்லுல வெட்டி வச்சிருக்கறதைப் பார்த்தப்ப அந்த மூணு வருசம்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப டிரிப்போட உசுரான பகுதிக்கு வரேன். கோயில்ல இருந்து வெளிய வந்து ஒரு மரத்தடியில எங்களை எல்லாம் நிக்க வச்சாரு. ஒரு மண்குடம், கொஞ்சம் பனை ஓலை நறுக்கு, எழுதறதுக்கு மார்க்கர் பேனா. இப்ப நாம குடவோலை எடுக்கப் போறோம், நான் விதியை ஒண்ணொண்ணா படிப்பேன், பொருந்தாதவங்க உக்காந்துடுங்கன்னாரு. முதல் விதிக்கே, பொம்பளைங்க எல்லாரும் உக்காருங்கன்னாரு. 14 பேர் உக்காந்தோம். நான் வார்டு மெம்பர் தம்பின்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல. அடுத்து வயசு. அடுத்து வரி கட்டற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல, ஒரு வேலின்னா இன்னைக்குக் கணக்குக்கு ஆறரை ஏக்கர் சொச்சம், கால் வேலின்னா ஒன்றரை ஏக்கருக்கும் மேல. சொந்த மனையில சொந்த வீடு. அதுலயே ரெண்டு பேர்தான் மிச்சம். அடுத்து வேதம் படிச்சு மத்தவங்களுக்கு சொல்லித் தரத் தெரிஞ்சவங்க, அப்படி ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது விளக்க உரையும், நல்லா தெரிஞ்சா அரைக்கால் வேலி நிலம் போதும்னு சலுகை கூட உண்டு. அந்த ரெண்டு பேரும் உக்காந்தாங்க. நிக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அவரு சொன்னாரு, இது பிராமணர்களுக்கு தானமா குடுத்த சதுர்வேதிமங்கலம், பல்லவ ராஜா நந்திவர்மன் காலத்துல உண்டான ஊரு, இந்த சபை நிலம் வச்சிருந்த பிராமண ஆம்பளைங்க சபை. மத்த ஊர்கள்ல ஊர்னு ஒரு அமைப்பு, வியாபாரிங்களுக்கு நகரம், பல ஊரு சேர்ந்தா நாடு, எல்லாத்துக்கும் மேல ராஜாவோட அதிகாரிங்க. இந்த நிலத்துல இறங்கி உழுதவங்க, நாத்து நட்டவங்க பேரு எந்த ஓலையிலயும் இல்ல. இதை மறைச்சுட்டு பெருமை மட்டும் பேசினா கல்லு சொல்றதுல பாதியை நாமளே அழிச்ச மாதிரின்னாரு. 2020 டிசம்பர்ல புது பார்லிமென்டுக்கு அடிக்கல் நாட்டறப்ப பிரதமர் இந்த ஊரு பேரைச் சொல்லிப் பேசினது எல்லாருக்கும் தெரியும், ஊரு பேரு டெல்லி வரைக்கும் போனதுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்த மரத்தடியில உக்காந்த 27 பேருக்கும் தெரிஞ்ச விஷயம் எந்த மேடையிலயும் நான் கேட்டதில்ல.

அப்புறம் ரெண்டாவது சுத்து. பிறப்பு, ஆம்பளை பொம்பளை, நிலம், வேதம் எல்லாத்தையும் எடுத்துடுவோம், ஒரே ஒரு விதியை மட்டும் வச்சுக்குவோம்னாரு. கல்லுல இருக்கற வார்த்தை, "கணக்குக் காட்டாதே இருந்தாரையும்". எந்த வாரியம் செஞ்சிருந்தாலும் சரி, கணக்கு ஒப்படைக்காதவரு பேரு குடத்துக்குள்ள போகக்கூடாது. சங்கமோ, கோயில் கமிட்டியோ, சீட்டோ, அபார்ட்மென்டோ, பஞ்சாயத்தோ, பொதுக் காசுல கை வச்சு கணக்கு எழுதிக் குடுக்காதவங்க மட்டும் உக்காருங்க, மத்தவங்க எழுந்து நில்லுங்கன்னாரு.

எல்லாரும் எழுந்தோம், மூணு பேர் தயங்கித் தயங்கி உக்காந்தாங்க. நான் நின்னுட்டே இருந்தேன், ஆனா கால் நிக்கல. நான் காசு தொட்டதில்ல, எங்க ஊராட்சியில செக்குல கையெழுத்து போடறது தலைவரும் துணைத்தலைவரும்தான். ஆனா மினிட் புக்கு? கூட்டமே நடக்காம, வீட்டுத் திண்ணைக்கு நோட்டு வரும், "ஒரு கையெழுத்து போடுங்கக்கா, அவசரம்"னு சொல்வாங்க, அடுப்புல குழம்பு கொதிக்கும், நான் ஈரக்கையை முந்தானையில துடைச்சிட்டு போட்டுக் குடுத்துடுவேன். அஞ்சு வருசத்துல எத்தனை தடவைன்னு எண்ணல. ஒரே ஒரு ஆகஸ்ட் 15 கிராம சபையில தெரு லைட்டு கணக்கைக் கேட்டேன், மூச்சு விடாம மொத்தத் தொகையை மட்டும் வாசிச்சுட்டு அடுத்த பொருளுக்குப் போயிட்டாங்க, சுத்தி இருந்தவங்க "அட உக்காரும்மா"ன்னாங்க, நானும் உக்காந்துட்டேன்.

கைடைக் கேட்டேன், "தம்பி, காசு வாங்கல, படிக்காம கையெழுத்து மட்டும் போட்டேன், அதுக்கு என்ன விதி?"ன்னு. அவரு உடனே பதில் சொல்லல. "அதைப் பத்தி கல்லுல இல்லம்மா, நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க"ன்னாரு. நான் உக்காந்துட்டேன்.

அதோட முடியல. அந்த விதியோட அடுத்த பகுதியைப் படிச்சாரு. கணக்குக் காட்டாதவரு மட்டும் இல்ல, அவரோட சொந்தமும் போக முடியாது. சித்தி பெரியம்மா மக்க, அத்தை மக்க, மாமன் மக்க, தாய் கூடப் பிறந்தவரு, தகப்பன் கூடப் பிறந்தவரு, தன் கூடப் பிறந்தவரு, பொண்ணு குடுத்த மாமனார், பொண்டாட்டி கூடப் பிறந்தவன், அக்கா தங்கச்சி புருசன், அவங்க பிள்ளைங்க, மகளைக் கட்டின மருமகன், அப்பன், மகன். அத்தனை முறையும் ஒண்ணு விடாம வெட்டி வச்சிருக்கு. மகளைக் கட்டின மருமகன்னு படிச்சப்ப நான் நிமிர்ந்து எங்க மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவரு நின்னுட்டு இருந்தாரு. "அத்தை, அப்ப நானுமா?"ன்னு கேட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு, ஒரு வார்த்தை வருத்தமா பேசல, ஆனா ஒரு தப்பும் பண்ணாத மனுசன் எனக்காக உக்காந்தது எனக்கு ரொம்ப நேரம் உறுத்திட்டே இருந்துச்சு. இந்த விதி ஏன் அப்படி எழுதினாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. நீ கணக்குக் காட்டலன்னா உன் வீட்டுல ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லிட்டா, வீட்டுலயே நாலு பேர் கேப்பாங்க, ஏய் கணக்கைக் குடுத்துட்டு வாடான்னு. வெளியில இருந்து தணிக்கை வர்றதுக்கு முன்னாடி திண்ணையிலயே தணிக்கை. இன்னைக்கு எங்க பக்கத்துல என்ன நடக்குதுன்னா, வார்டு பெண்களுக்குன்னு மாறினா பொண்டாட்டி, மறுபடி பொதுன்னு மாறினா புருசன், அதுவும் மாறினா மச்சான், ஒரே வீட்டுக்குள்ள நாற்காலி சுத்திட்டு இருக்கும். பேரு மட்டும் பொம்பளை பேரு, ஆபீஸ்ல உக்கார்றது வேற ஆளு. எனக்கும் அப்படித்தான் நடந்திருக்கும், எங்க வீட்டுக்காரரு "உன் வேலை, நீ போ"ன்னு சொன்னதால தப்பிச்சேன்.

கணக்கருக்கும் விதி இருக்கு. அவரு எழுதின கணக்கை அவரே வந்து பெரிய வாரியத்துக்கிட்ட ஒப்படைச்சு சரின்னு ஆகணும், அவருக்குப் பதிலா வேற கணக்கர் வந்து முடிச்சுக் குடுக்கக் கூடாது. நான் இருந்தப்ப கிளார்க்கு மாறினதும் முந்தின நோட்டெல்லாம் எங்கன்னு தேடினது ஞாபகம் வந்துச்சு.

கடைசியில நின்னவங்க பேரை எல்லாம் ஓலையில எழுதி குடத்துல போட்டாங்க. அங்க இருந்தவங்கள்ல வயசுல மூத்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் குடத்தைத் தூக்கிப் பிடிச்சாரு. பாலன் எங்க பேரன். அவனுக்கு கை உள்ள விட பயம், பூச்சி இருக்குமான்னு கேட்டான், அப்புறம் கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்தான். கைடு விரலை அஞ்சா விரிச்சு உள்ளங்கையில வாங்கிக் காமிச்சாரு, வாசிச்சாரு, கை மாத்தி கை மாத்தி இன்னும் நாலு பேர் வாசிச்சாங்க. பல்லாவரத்துல டெய்லர் கடை வச்சிருக்கற ஒரு பொண்ணு பேரு வந்துச்சு. இப்படி ஆறு பேர், நீங்கதான் ஏரி வாரியம்னாரு. அந்தப் பொண்ணு விளையாட்டா எடுத்துக்கல, "ஏரின்னா என்னென்ன பார்க்கணும்?"னு உடனே கேட்டுச்சு. தகுதி இருக்கு, பொறுப்பு கைக்கு வந்துச்சு, உடனே கேள்வி வருது பாருங்க. ஓட்டு கேட்டு யாரும் அந்தப் பொண்ணைத் தேடி வந்திருக்கப் போறதில்ல, அதுவும் போய் எங்கயும் நின்னிருக்காது.

குலுக்கல்தான் சரின்னு நான் சொல்ல வரல. ஓட்டு கேட்டுப் போறப்ப ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்கறோம் இல்ல, அதுல ஊரைப் பத்தி கத்துக்கறது குடத்துல கிடைக்காது. தப்பு பண்ணினா அடுத்த தடவை ஜனம் தோற்கடிக்கும்ங்கற பயமும் குலுக்கல்ல கிடையாது, அதனாலதான் அவங்க கணக்கை இவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்காங்கன்னு நினைக்கறேன்.

மத்தியானம் சாப்பாடு ஒரு மெஸ்ல. ரெண்டே முக்காலுக்குத்தான் இலை போட்டாங்க, பசங்க சோர்ந்து போயிட்டாங்க, சுகர் இருக்கறவங்களுக்கு ரொம்ப கஷ்டம், ஒரு அம்மாவுக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, என் பையில இருந்த பிஸ்கட்டைக் குடுத்தேன். இதை டிரிப் நடத்தறவங்க கட்டாயம் சரி பண்ணணும். வத்தக்குழம்பும் அப்பளமும் நல்லா இருந்துச்சு. சாப்பிட்டதும் சுந்தரவரதப் பெருமாள் கோயில், மூணு தளத்துலயும் பெருமாள் சன்னதி, நின்ன கோலம், உக்காந்த கோலம், படுத்த கோலம், அழகுன்னா அப்படி ஒரு அழகு, ஆனா அரை மணி நேரம்தான் குடுத்தாங்க, படி ஏறி இறங்கவே சரியா போச்சு.

கடைசியா ஏரிக்கரை. அந்தக் காலத்துப் பேரு வைரமேக தடாகம், பல்லவர் காலத்து ஏரி. தை மாசம், தண்ணி நல்லா நின்னுச்சு, கரை மேல காத்து அப்படியே தள்ளுச்சு. ஆறு பேர் ஏரி வாரியத்தையும் முன்னாடி கூப்பிட்டு, மதகு எங்க, கரையில மண் எங்க கரைஞ்சிருக்கு, கழிவு எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்து சொல்லுங்கன்னாரு. டெய்லர் பொண்ணு கரையில பாதி தூரம் நடந்து போய் பார்த்துட்டு வந்து, முள்ளுச்செடி வேர் கரையைப் பிளந்துட்டு இருக்கற ரெண்டு இடத்தைச் சொல்லுச்சு. படிச்ச பெரிய மனுசங்களுக்கு அது தெரியல. எங்க ஊரு ஏரியில கருவேல முள்ளு இதையேதான் பண்ணுது, நான் மெம்பரா இருந்தப்ப அதை ஒரு தீர்மானமா எழுதி வச்சேன், அந்தத் தீர்மானத்துக்கு என்ன ஆச்சுன்னு இது வரைக்கும் தெரியாது.

திரும்பி வர்றப்ப வேன்ல இன்னொரு கல்வெட்டுக் கதை சொன்னாரு. திருநெல்வேலி பக்கம் மானூர்ல பாண்டியர் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 800 வாக்குல. சபையில எந்தத் தீர்மானம் வந்தாலும் அன்று அன்றுன்னு, அதாவது கூடாது கூடாதுன்னு எழுந்து மறிக்கறவருக்கு அஞ்சு காசு தண்டமாம். வேனே சிரிச்சுது. எனக்கு இதுல ஒரு சந்தேகம், நியாயமா மறுத்துப் பேசறவரையும் இதை வச்சே உக்கார வச்சிருப்பாங்களே? கேட்டேன், நல்ல கேள்விம்மான்னு சொல்லி அதைப் பத்தியே செங்கல்பட்டு வரைக்கும் பேசிட்டு வந்தோம். இந்த மாதிரி கேள்வி கேட்டா எரிச்சல் படாத கைடு கிடைக்கறது கஷ்டம்.

குறைங்களையும் சொல்லணும். மைக் இல்ல, பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்துல பின்னாடி நின்னவங்களுக்கு பாதி கேக்கல. வயசானவங்களுக்கு மடக்கு ஸ்டூல் நாலே நாலுதான் கொண்டு வந்தாங்க, எங்கள்ல அறுபது தாண்டினவங்க ஒன்பது பேர். கையில குடுத்த பேப்பர்ல கல்வெட்டு வரிகளை எல்லாம் போட்டிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா எழுத்து அவ்வளவு பொடி, கண்ணாடி போட்டும் படிக்க முடியல. டாய்லெட்டுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேணும், பொம்பளைங்க நாங்க பட்ட பாடு சொல்லி மாளாது. எல்லாத்தையும் விட முக்கியமா, அவங்க நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல உலகத்தின் முதல் ஜனநாயகம்னு போட்டிருக்காங்க, அங்க போனா அவங்க கைடே அப்படி இல்லன்னு அத்தனை பொறுமையா விளக்கறாரு. அந்த வரியை எடுத்துடுங்க. கைடு சொல்றதே போதும், அதுவே ஆளை இழுக்கும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த மரத்தடி ஒரு மணி நேரத்துக்கு மட்டும்னா அஞ்சும் குடுப்பேன். எட்டு வயசுக்கு மேல உள்ள பசங்களைக் கூட்டிட்டுப் போங்க, அதுக்கு சின்னவங்களுக்கு போர் அடிக்கும். தொப்பி, தண்ணி, பிஸ்கட்டு எடுத்துக்கங்க. மழைக்காலம் முடிஞ்சு போனாத்தான் ஏரியில தண்ணி பார்க்கலாம்.

தாம்பரத்துல இறங்கறப்ப கைடு தம்பியைத் தனியா கூப்பிட்டு, எங்க ஊரு முன்னாள் வார்டு மெம்பருங்களையும் கிளார்க்கையும் கூட்டிட்டு வந்தா இதே மாதிரி நடத்துவீங்களான்னு கேட்டேன். பஞ்சாயத்து ஆளுங்கன்னா சாப்பாட்டுக் காசு மட்டும் போதும்மா, பேச்சுக்கு வேணாம்னாரு. வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். முன்னாள் தலைவர் அம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க, முன்னாள் மெம்பருங்கள்ல அஞ்சு பேர், கிளார்க்கு யோசிச்சு சொல்றேன்னிருக்காரு. மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கு கிராம சபை இருக்கு, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடலாம்னு பேசி வச்சிருக்கோம். நான் கையெழுத்து போட்ட அந்த அஞ்சு வருசத்து மினிட் புக்கும் பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவுல இருந்தா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், போய் முதல்ல அதைப் படிக்கணும்.